ரைபோசோமும் அதன் உறவினமும்

அஞ்சுகிராமத்து மருந்துக் கடையில் தொற்றுநோய்க்கென வாங்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, நம் உயிரணுக்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, பாக்டீரியாவின் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு, அது புரதம் சமைப்பதைத் தடுப்பதனாலேயே ரோக நிவாரணம் உண்டாகிறது. ஆர்.என்.ஏ.யும் புரதங்களும் பிணைந்து ஒன்றாய்க் காரியம் செய்யும் இந்தச் சூட்சும அமைப்பின் சிறிய பாகத்தை, 1952-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், கேம்பிரிட்ஜில் தம் குழுவினருடன் 2000-ஆம் ஆண்டு எக்ஸ்-கதிர்களின் துணையால் துலக்கிக் காட்டி, 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் ரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அந்த மருந்து சென்று ஒட்டும் ஸ்தானமும் அப்பாகத்திலேதான் இருக்கிறது.

ரைபோசோமில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பிரதான கிரியையைச் செய்வது ஆர்.என்.ஏ.யே, புரதங்கள் பெரிதும் துணை நிற்பவை. ஆர்.என்.ஏ.யும் புரதமும் பிணைந்த அதே இனத்ததான டெலோமெரேஸ், குரோமோசோம் நுனிகள் தேய்ந்துபோகாமல் காப்பது. பெரும்பாலான புற்றுநோய்களில் அது விழித்தெழுந்து, கெட்ட உயிரணுக்கள் ஓய்வின்றிப் பெருகத் துணைபோகிறது.

மரபணுவைத் திருத்தும் கருவியான கிரிஸ்பரிலோ, வழிகாட்டி ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.யில் இடத்தைக் காட்ட, காஸ்9 என்னும் புரதம் அங்கே வெட்டுகிறது. இம்முறையில் அமைந்த அரிவாளணுச் சோகைச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதியளித்தது. நம் நீலகிரிப் பழங்குடியினரையும் வாட்டும் அந்நோய்க்கு, ஏழைக்கு எட்டும் விலையில் இச்சிகிச்சையைக் கொணர்வதே நம் விஞ்ஞானிகளும் அரசும் மேற்கொள்ள வேண்டிய கடமை.