எக்கோ அறிக்கையில் எழுதாத சுமை

டெல்டாவில் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: வாய்க்கால் தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு இறைக்கும்போது கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மோட்டார், அதையே மாடித் தொட்டிக்கு ஏற்றினால் குறைவாகத்தான் தள்ளும். மோட்டாரில் பழுதில்லை, எதிர்க்கும் அழுத்தம்தான் கூடியிருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தவர் கையிலுள்ள அறிக்கையையும் இந்தக் கணக்கோடுதான் படிக்க வேண்டும்.

அதில் எல்லோரும் முதலில் தேடுவது ‘இ.எஃப்.’ என்ற எண். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதே அது. 100 மில்லியில் 60 மில்லி போனால் 60%. ஆனால் இது தசையின் பலத்தை மட்டும் சொல்லும் எண் அல்ல. மகாதமனி வால்வு சுருங்கினால் அழுத்தச் சுமை ஏறி இ.எஃப். இறங்கலாம், வால்வை மாற்றியதும் பலருக்கு அது மீண்டும் உயர்கிறது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு ஒழுகினால் நேர் எதிர்: ரத்தத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்த மேலறைக்கே திரும்பிவிடுவதால், தசை தளர்ந்திருந்தாலும் எண் நன்றாகத் தெரியும்.

வலது பக்கத்தின் கதை வேறு. இடது கீழறை 120 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு எதிராக உழைப்பது. அதன் சுவர் கிட்டத்தட்ட 1 செ.மீ. தடிமன். வலது கீழறை நுரையீரலுக்கு அனுப்பச் சுமார் 25 மி.மீ. அழுத்தமே போதும், சுவரும் 3 முதல் 5 மி.மீ. தான். பல வருட ரத்தக்கொதிப்பை இடது அறை தடித்துச் சமாளிக்கும். ஆனால் நுரையீரல் தமனியில் திடீரென ரத்தக்கட்டி அடைத்தால் வலது அறை உப்பிவிடும்; நடுச்சுவரைத் தள்ளி இடது அறையையும் நெருக்கும். வலது அறை சுருங்கும்போது டிரைகஸ்பிட் வால்வின் வளையம் எவ்வளவு இறங்குகிறது என்றும் எக்கோவில் அளப்பார்கள். 17 மி.மீ.க்குக் குறைந்தால் வலது அறை திணறுகிறது என்று பொருள்.

இடது எண் நன்றாக இருக்க, வலது பக்கம் தவிப்பதற்கு நம்மூர் உதாரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறுவயதுத் தொண்டைப்புண்ணில் தொடங்கி மைட்ரல் வால்வைச் சுருக்கும். பின்னால் தேங்கும் அழுத்தம் நுரையீரல் வழியாக வலது அறையின் தலையில் விழும். வேலூர் சி.எம்.சி.யில் இதய அறுவை மருத்துவர் ஸ்டான்லி ஜான் குழுவினர், துடிக்கும் இதயத்திலேயே அந்த வால்வை விரித்துவிட்ட 3,724 நோயாளிகளின் விவரத்தை 1983இல் வெளியிட்டார்கள். வால்வு விரிந்தால் நுரையீரல் அழுத்தம் தணியும். வலது அறையும் மூச்சுவிடும்.

எனவே இ.எஃப். எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியோ பயமோ கொள்ளாதீர்கள். எக்கோ எடுத்தபோது ரத்த அழுத்தம் எவ்வளவு, நுரையீரல் அழுத்தம் எவ்வளவு, வால்வுகள் எப்படி என்று டாக்டரிடம் கேளுங்கள்.