பரவைக்கடலின் உப்பும் ஒரு பிளாக் கூழும்

யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது எங்கோ குளிர்நாட்டில் இருக்கும் ஒருவரிடம் வாழ்நாளில் மறக்க முடியாத சாப்பாடு எது என்று கேட்டுப் பாருங்கள். கலியாண வீட்டுப் பந்தியையோ பெரிய ஹோட்டலையோ சொல்பவர்கள் குறைவு. அநேகமாக ஒரு கூழைச் சொல்வார்கள். யாருடைய வளவு, எந்த மரத்தடி, யார் காய்ச்சியது, ஆர் ஆர் வந்திருந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வார்கள். அது குருநகரில் குடித்த கூழாக இருந்துவிட்டால் குரலில் ஒரு மிதப்பும் சேர்ந்துகொள்ளும்.

அந்த மிதப்பில் ஓரளவு நியாயம் இருக்கிறது. குருநகர் யாழ் நகரத்தின் தெற்குக் கரை. கரையூர் என்பது பழைய பெயர். புனித யாகப்பர் கோவிலைத் தாண்டினால் கடல், எதிரே மண்டைதீவு. கடல் என்றால் அலையடிக்கும் பெருங்கடல் இல்லை. நானூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்து கிடந்தும் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆளை முழுதாக மறைக்காத பரவைக்கடல். சிறகுவலைக்காரர் தடி ஊன்றி வலை கட்டுவதும் நண்டும் றாலும் வளர்வதும் இந்த ஆழமில்லாத தண்ணீரில்தான். கூழின் ருசிக்கான காரணத்தையும் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் பானையைப் பார்ப்போம். தண்ணீர் கொதிக்க ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு. அவை பாதி வேக மீன் தலை, திருக்கைத் துண்டு, உடைத்த நண்டு. பிறகு றால், கணவாய். கடைசியில், அரைத்த செத்தல் மிளகாயைப் புளிக்கரைசலோடு ஒடியல் மாவில் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவ வேண்டும். முருங்கை இலை போட்டு இறக்கினால் முடிந்தது. வீட்டுக்கு வீடு வரிசை மாறும், வாக்குவாதமும் உண்டு. ஆனால் மா கடைசி என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்து நான் கேட்டதில்லை.

இந்தப் பானைக்குள் போகும் உயிர்கள் எல்லாவற்றுக்கும் உயிரோடிருந்தபோது ஒரு பொதுப் பிரச்சினை இருந்தது. உப்பு. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் வாழும் உடலின் கலங்களுக்குள் அதற்கு ஈடான செறிவு இல்லாவிட்டால், தண்ணீர் கலத்தை விட்டு வெளியே போய்விடும். கடல் நடுவிலேயே உடல் வற்றும். கலத்துக்குள் உப்பையே நிரப்பிச் சமாளிக்கவும் முடியாது. அவ்வளவு உப்பில் புரதங்கள் ஒழுங்காக வேலை செய்யா. ஆகவே நண்டும் றாலும் கணவாயும் வேறொரு வழியைக் கண்டுபிடித்தன. கிளைசின், புரோலின், ஆர்ஜினின் போன்ற அமினோ அமிலங்களைக் கலங்களுக்குள் கட்டற்ற நிலையில் குவித்து வைத்து, வெளியே இருக்கும் உப்புக்கு ஈடு கட்டுகின்றன.

கிளைசின் நாக்கில் இனிக்கும். நண்டுச் சதையின் இனிப்பு சீனியால் வந்ததல்ல. கடல் உப்பைத் தாக்குப்பிடிக்க நண்டு சேர்த்து வைத்த கிளைசினால் வந்தது. ஆற்று மீனுக்கும் கடல் றாலுக்கும் நாம் உணரும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுதான்.

இன்னொன்றும் தெரிந்த விஷயம். நண்டு, றால் இனங்களை உப்புக் கூடிய நீருக்கு மாற்றினால், சில நாட்களில் அவற்றின் தசையில் இந்த அமினோ அமிலங்கள் கூடுகின்றன. உப்புக் குறைந்த நீருக்கு மாற்றினால் குறைகின்றன. பரவைக்கடலோ ஆண்டு முழுதும் ஒரே உப்பில் இருப்பதில்லை. மாரி மழையில் தண்ணீர் இளகும். கோடையில் வெயில் குடிக்கக் குடிக்க, உட்பகுதிகளில் வெளிக்கடலையும் மிஞ்சிக் கரிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கோடை நண்டு மாரி நண்டைவிடக் கொஞ்சம் கூடவே இனிக்க வேண்டும். இது என் கணக்கு. குருநகர்க்காரரிடம் சொன்னால், இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேணுமோ என்று கேட்பார்கள்.

திருக்கை வேறு கட்சி. சுறாவைப் போலவே அதுவும் உப்புக்கு ஈடாக யூரியாவை உடம்பில் தேக்கி வைக்கிறது. நாம் சிறுநீரில் கழித்துவிடும் அதே யூரியாதான். திருக்கை செத்துக் கொஞ்ச நேரம் கிடந்தால், பக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். பழைய திருக்கையில் அடிக்கும் நெடி அதுதான். மற்ற மீன்களின் வெடுக்கும் தூரத்துச் சொந்தம்: அங்கே ட்ரைமெதைலமின் என்ற பொருள். அமோனியாவும் அதுவும் காரத்தன்மை கொண்டவை, ஆவியாகி மூக்கைத் தேடி வருபவை. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் இவற்றோடு சேர்ந்து, ஆவியாகாத உப்பாக மாற்றிக் குழம்பிலேயே கட்டிப்போட்டுவிடும். கூழுக்குத் தாராளமாகப் புளி விடுவது புளிப்பு ருசிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். திருக்கையும் கணவாயும் மீன் தலையும் ஒரே பானையில் சண்டையில்லாமல் கிடப்பதற்கு அந்தப் புளிதான் பொறுப்பு.

ருசியின் மிச்சக் கதைக்கு இனி யப்பானுக்குப் போக வேண்டும். 1908ஆம் ஆண்டு தோக்கியோவில் கிகுனே இகெடா, கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டாமேட் என்று கண்டார். அந்த ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, மாசிக் கருவாடு போன்ற கட்சுவோபுஷியில் இனோசினேட் என்ற இன்னொரு பொருள் அதே வகை ருசியைத் தருவதைக் கண்டார். 1950களின் கடைசியில் அகிரா குனினாகா கண்டதுதான் எனக்கு வியப்பூட்டுவது. குளுட்டாமேட்டையும் இந்த இரண்டாம் வகைப் பொருளையும் கலந்தால், இரண்டின் ருசியும் கூட்டிக்கொள்வதில்லை. பல மடங்காகப் பெருக்கிக்கொள்கின்றன. காரணம் பிற்பாடு தெரிந்தது. நாக்கிலுள்ள உமாமி ஏற்பி ஒரு சிப்பி மாதிரி வேலை செய்கிறது. குளுட்டாமேட் உள்ளே புகுந்ததும் மூடிக்கொள்ளும். இனோசினேட் வந்து வாய் விளிம்பில் ஒட்டிக்கொண்டால் அந்த மூடல் இறுகி நிற்கும். ருசி என்ற சமிக்ஞை நீளும்.

மீனில் இனோசினேட் எங்கிருந்து வருகிறது? உயிருள்ள தசைக்குச் சக்தி தருவது ஏடீபி என்ற மூலக்கூறு. மீன் செத்ததும் அது படிப்படியாக உடைகிறது. வழியில் ஏஎம்பி, அடுத்து இனோசினேட். இந்தக் கட்டத்தில் மீன் உச்ச ருசியில் இருக்கும். அதற்குப் பிறகும் உடைதல் நிற்பதில்லை. கடைசியில் ஹைபோசாந்தைன் வரும். அது கசக்கும். யப்பானிய ஆய்வாளர்கள் இந்தச் சிதைவின் விகிதத்தையே மீனின் புதுமைக்கு அளவுகோலாக்கிவிட்டார்கள். நண்டுக்கும் கணவாய்க்கும் ஏஎம்பியை இனோசினேட்டாக்கும் நொதி மிகக் குறைவு. அவற்றில் ஏஎம்பியே சேர்ந்து நிற்கும். அதுவும் குளுட்டாமேட்டைத் தூக்கிவிடும், ஆனால் இனோசினேட் அளவுக்கு அல்ல. ஆகவே வெறும் நண்டுக் கூழைவிட, மீன் தலையும் போட்ட கூழ் ஏன் ருசிக்கிறது என்பதற்கு ஒரு விடை கிடைக்கிறது. நண்டும் றாலும் குளுட்டாமேட்டோடு வருகின்றன. மீன் தலை இனோசினேட்டோடு வருகிறது. பானைக்குள் இரண்டும் சந்திக்கின்றன. காலையில் கரைக்கு வந்த மீனும் பகலில் அடுப்பில் ஏறிய பானையும் இந்தக் கடிகாரத்தில் நல்ல நேரத்தில் நிற்பவை.

இதில் உப்பின் பங்கை ஒரு பரிசோதனை அழகாகக் காட்டியது. ஹயாஷி, யமகுச்சி, கொனோசு என்ற மூவர் 1981இல் வெளியிட்டது. அவித்த பனிநண்டின் சாற்றில் இருப்பவற்றை அளந்து, நாற்பதுக்கு மேற்பட்ட பொருள்களைக் கலந்து செயற்கைச் சாறு ஒன்றை உண்டாக்கினார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சுவைத்தார்கள். பெரும்பாலானவற்றை எடுத்தாலும் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. கிளைசினை எடுத்தால் இனிப்புக் குறைந்தது. குளுட்டாமேட்டை எடுத்தால் உமாமி போனது. சோடியத்தை எடுத்தபோது இனிப்பும் உமாமியும் சேர்ந்தே சரிந்தன. குளோரைடை எடுத்தபோது அநேகமாக ஒன்றுமே மிஞ்சவில்லை. சோடியமும் குளோரைடும் சேர்ந்ததுதான் கறியுப்பு. கூழில் உப்புக் காணாது என்று யாராவது சொன்னால் அவர் உப்பை மட்டும் சொல்லவில்லை, நண்டையே காணவில்லை என்கிறார்.

ஒடியல் மாவுக்கு வருவோம். பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் மூடினால் சில மாதங்களில் கிழங்கு இறங்கும். கிண்டி எடுத்துப் பச்சையாகவே பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மா கசக்கும். அதனால்தான் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேலே மஞ்சளித்து நிற்கும் தண்ணீரை வடித்து, மறுபடி தண்ணீர் விட்டு வடிக்கிறார்கள். பனையின் கசப்புக்குக் காரணமான ஃபிளாபெல்லிஃபெரின் என்ற சேர்மங்களை ஶ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான்ஸும் குழுவினரும் விரிவாக ஆராய்ந்தார்கள். எலிகளுக்கு இந்த மாவை ஊட்டிப் பார்த்த பழைய ஆய்வுகள், நரம்பைத் தாக்கும் ஒரு பொருளும் அதில் உண்டு என்று காட்டின. மாவை அவசரத்துக்கு ஒரு தடவை மட்டும் கழுவிப் போடுபவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். கேட்கமாட்டார்கள்.

மாவின் வேலை கெட்டியாக்குவது. சூட்டில் மாச்சத்து மணிகள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி ஒன்றோடொன்று நெருக்கியடிக்கின்றன. நீர்த்த ரசமென்றால் மேலே ஆறியது கீழே போகும், சூடானது மேலே வரும். அந்தச் சுழற்சியில் சட்டென்று ஆறிவிடும். கெட்டிக் கூழில் சுழற்சி நடப்பதில்லை. மேல் ஆடை ஆறியிருக்க, உள்ளே கொதி அப்படியே கிடக்கும். வாய் வெந்தவர்களுக்குத் தெரியும். மிளகாயின் கப்சைசினும் ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட சூடும் வாயில் ஒரே ஏற்பியைத்தான் தட்டுகின்றன. டேவிட் ஜூலியஸ் 1997இல் அதைக் கண்டுபிடித்தார், 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. கூழில் இரண்டும் ஒன்றாக வந்து தட்டுவதால், மூளைக்கு எது மிளகாய் எது நெருப்பு என்று பிரித்தறிய வழியில்லை. நெற்றி வேர்த்து மூக்கு ஒழுகுவது அதனால்தான். பனையோலையைக் கோலிய பிளாவைக் கீழே வைக்கவும் முடியாது. ஆறும்வரை முகத்துக்கு நேரே கையில் ஏந்தியபடி ஊதிக்கொண்டிருக்க வேண்டும். ஊத ஊத மணம் முழுவதும் மூக்குக்குள்தான். இடையில் தேங்காய்ச் சொட்டு ஒரு கடி.

மணத்துக்கு மூளையில் ஒரு சலுகை உண்டு. பார்வையும் ஒலியும் தலமஸ் என்ற நிலையத்தில் இறங்கி ஏறித்தான் மற்ற இடங்களுக்குப் போகின்றன. மணச் செய்தி அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேரே போகிறது. ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஜொஹான் வில்லாண்டரும் மரியா லார்சனும் 2006இல் முதியவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். சொல்லையும் படத்தையும் காட்டியபோது அவர்களுக்குப் பெரும்பாலும் பதின்வயது நினைவுகள் வந்தன. மணத்தைக் காட்டியபோது பத்து வயதுக்கு முந்தியவை வந்தன. கூழ்க்கதை சொல்பவர்கள் ஏன் உடனே சின்னப் பிள்ளையாகிவிடுகிறார்கள் என்பது இப்போது புரிகிறது.

அந்த நினைவுக்கு, எவ்வளவு குடித்தோம் என்பது ஒரு பொருட்டில்லை போலிருக்கிறது. எலிசபெத் ரோட், பால் ரொசின், பவுலா டர்லாக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டில் பிடித்த பதார்த்தத்தைக் கூடக் கொடுத்தாலும் குறையக் கொடுத்தாலும் பிந்திய நினைவில் அந்தச் சாப்பாட்டுக்குக் கிடைத்த மதிப்பு பெரிதாக மாறவில்லை. எந்த அனுபவத்திலும் உச்சமும் முடிவும்தான் மனதில் நிற்கும் என்று உளவியலில் ஒரு பிரபலமான விதி இருக்கிறது. சாப்பாட்டில் அதுவும் அவ்வளவாகப் பலிக்கவில்லை. இதே ரொசின், ரொறொன்ரோ பல்கலைக்கழகத்து மொரிஸ் மொஸ்கொவிச் முதலானோருடன் 1998இல் வெளியிட்டது இன்னும் விசித்திரம். புதிய நினைவுகளைப் பதிக்க முடியாத மறதி நோயாளர் இருவருக்கு மதியச் சாப்பாடு கொடுத்து, சிறிது நேரத்தில் திரும்பவும் கொடுத்தார்கள். இருவரும் சாப்பிட்டார்கள். மூன்றாவதும் வந்தபோது பெரும்பாலும் அதையும் தொடங்கினார்கள். போதும் என்பதை வயிறு மட்டும் சொல்வதில்லை. சாப்பிட்டோம் என்ற நினைவும் சேர்ந்துதான் சொல்கிறது.

ரொறொன்ரோவில் கோடை விடுமுறை நாளொன்றில் வீட்டுப் பின்வளவில் கூழ் காய்ச்சுபவர்களுக்கு இரசாயனம் முழுதாகக் கைவிட்டுவிடவில்லை. ஒடியல் மா பைக்கற்றில் வருகிறது. பலாக்கொட்டைக்கும் பயிற்றங்காய்க்கும் தமிழ்க் கடை இருக்கிறது. இடறுவது உறைநண்டில்தான்: உறைந்து இளகும்போது கலங்கள் கிழிந்து, சேர்த்து வைத்த கிளைசினும் குளுட்டாமேட்டும் நீரோடு வடிந்துவிடுகின்றன. அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதுதான் பெரிய நட்டம். மணம் நன்றாக இருந்தால் அதையும் பானைக்குள் விடலாம். அல்லது உயிரோடு விற்கும் அத்திலாந்திக் சிங்க றாலை வாங்கலாம். அங்கேயும் கடல் உப்புத்தான், அந்த உயிரும் கிளைசினைத்தான் சேர்த்திருக்கும். கூடவே அன்று வந்த மீனின் தலை ஒன்றைக் கூடுதலாகப் போடவும், இனோசினேட்டுக்காக. புளியைக் குறைக்க வேண்டாம்.