சவரக்கத்தியும் சாணைக்கல்லும்

இரும்பைக் கல் தேய்க்கும் என்பது யாவரும் அறிந்ததே. அத்தேய்வு ஓரிடத்தில் அழிவாகவும் மற்றோரிடத்தில் கூர்மையாகவும் முடிதற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் விஷயம். இஃது அற்ப விஷயமென்று அன்பர்கள் ஒதுக்கிவிடலாகாது. மழித்தல் என்னும் சொல்லைத் திருக்குறளிலேயே காண்கின்றோம். அத்துணைப் பழமையான தொழிலொன்றின் உயிர்நிலை, நாம் கண்ணெடுத்தும் பாராத ஒரு சிறு கல்லில் அடங்கியிருக்கின்றது.

எம் ஊராகிய நெய்வேலியில் இவ்விருவகைத் தேய்வினையும் ஒருங்கே காணலாம். அங்குப் பழுப்பு நிலக்கரி எடுக்கும் பொருட்டு 1956ஆம் ஆண்டில் அரசாங்க நிறுவனம் அமைக்கப்பெற்றது. 1957இல் சுரங்கப்பணி தொடங்கிற்று. கரிப்படிவத்தின்மேல் பல பத்து மீட்டர் கனத்திற்கு மூடிக்கிடப்பது கடலூர் மணற்பாறை என்பதாம். அதனை அகழ்வதற்கு ஜெர்மனி நாட்டு வாளிச்சக்கர எந்திரங்கள் வரவழைக்கப்பெற்றன. மலைபோன்ற அவ்வெந்திரங்களின் எஃகுப் பற்களை அப்பாறை விரைந்து தேய்த்தது. ஆதலின் பாறையை வெடிவைத்துத் தளர்த்திய பின்னர் அகழும் முறை கைக்கொள்ளப்பட்டது. இனி, அந்நகரியத்து வட்டங்களில் முடிதிருத்தும் முதியோர் சிலர் தம் அடைப்பத்தில் இன்னும் போற்றி வைத்திருக்கும் சவரக்கத்தியை நோக்குமின். அதுவும் எஃகே, அதனைத் தேய்ப்பதும் கல்லே. ஆயினும் அங்கே பல் தேய்ந்து மழுங்குகின்றது. இங்கே கத்தி தேய்ந்து கூராகின்றது. இவ்வேற்றுமைக்குக் காரணம் மூன்று: கல்லின் நயம், கத்தியின் கோணம், தீட்டுவோரின் கை.

முதற்கண் கல்லினை நோக்குவோம். மணற்பாறையின் மணிகள் பருத்தவை. ஒன்றுபோல் ஒன்று இராதவை. எஃகின்மேல் அவை ஆழ்ந்த கீறல்களை விளைப்பன. சவரக்கத்திக்குரிய கல்லோ நுண்ணிய துகள்கள் ஒரு தன்மையாகச் செறிந்ததாய் இருத்தல்வேண்டும். அத்தகைய இயற்கைக் கற்கள் உலகில் சில இடங்களிலேயே கிடைக்கின்றன. பெல்ஜியம் நாட்டு ஆர்தென் மலைப்பகுதியில் ‘கோட்டிகூல்’ என்னும் மஞ்சட்கல் எடுக்கப்படுகின்றது. அதனுள் கார்னெட் என்னும் மணிக்கல்லின் துகள்கள் நிறைந்துள்ளன. அவை மிகச் சிறியன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் 5 முதல் 20 கூறு அளவினவே. மேலும் அவை உருண்டை வடிவினை ஒத்திருத்தலால், எஃகினை ஆழக் கீறாமல் மேலோடு சுரண்டிச் செல்கின்றன. அமெரிக்காவில் ஆர்க்கன்சா நாட்டுக் கல்லும், ஜப்பானில் கியோத்தோ நகரை அடுத்த மலைகளின் கல்லும் இவ்வாறே புகழ்பெற்றன. ஆர்க்கன்சாக் கல்லுக்கு ‘நோவாகுலைட்’ என்று பெயர். ‘நோவாகுலா’ என்னும் லத்தீன் சொல்லுக்குச் சவரக்கத்தி என்பது பொருள். கத்தியால் கல் பெயர்பெற்றது கண்டு மகிழ்தற்குரியது.

இரண்டாவது கோணம். சவரக்கத்தி முதுகு தடித்தும், பக்கங்கள் உட்குழிந்தும், வாய் மெலிந்தும் இருக்கும். முதுகு தடித்திருப்பது வலிமையின்பொருட்டு மட்டுமன்று. கத்தியைக் கல்லின்மேல் படுக்கவைக்குங்கால் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடுகின்றன. ஆதலின் கோணத்தைக் கையால் அளக்கவேண்டுவதில்லை, கத்தியே அளந்துகொள்ளுகின்றது. இரு பக்கமும் கூடி அமையும் அக்கோணம் ஏறக்குறைய 15 முதல் 18 பாகையாம். தீட்டுந்தோறும் வாயோடு முதுகும் சிறிது தேய்வதால், பல்லாண்டு கழிந்தும் அது பெரிதும் மாறுவதில்லை. இவ்வமைப்பினை முதன்முதற் கண்ட கொல்லன் எவனோ, அவன் கணிதம் பயின்றானல்லனாயினும் கணித அறிவுடையான் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவதாகிய கையே பயிலுதற்கு அரியது. கல்லின் முகம் சமதளமாய் இருத்தல் முதல் வேண்டற்பாலது. நடுவே குழிந்த கல் கத்தியைக் கெடுக்கும். கல்லின்மேல் நீர் தெளித்துக் கத்தியைப் படுக்கவைத்து, மேலே ஒட்டிய மெல்லிய ஏட்டினைச் சீவுவார்போல் வாய் முன்செல்லத் தள்ளுதல்வேண்டும். கத்தி கல்லின் அகலத்தினும் நீண்டது. ஆதலின் நேரே தள்ளாமல், பிடியருகு தொடங்கி நுனிவரை முழுவாயும் கல்லிற் படுமாறு சாய்வாகச் செலுத்தல்வேண்டும். கல்லின் எல்லையை எய்தியதும் முதுகினைக் கல்லைவிட்டு எடாமல், அதன்மேலேயே கத்தியைப் புரட்டி மீளவேண்டும். வாயின்மேல் புரட்டுவார்க்கு அதுகாறும் உழைத்த உழைப்பு ஒரு நொடியில் வீணாகும்.

புதிதாய்ப் பயில்வோர் யாவரும் அழுத்தவே விரும்புவர். அழுத்தினால் விரைவிற் கூராகும் என்பது அவர் எண்ணம். உண்மையோ இதற்கு மாறானது. அழுத்துங்கால் மெல்லிய வாய் வளைந்து, அதன் ஓரத்திற் பிசிர் எழும். பிசிர் தொடுதற்குக் கூரெனத் தோன்றும். முகத்தில் வைத்த மாத்திரத்தில் முறிந்து தோலை எரிக்கும். ஆகவே கல்லைத் தன் வேலையைச் செய்யவிட்டுக் கை உடன்செல்லுதலே முறை என்பது தொழிலறிந்தார் கூறும் முதற்பாடம். இதற்கு நீரே சாட்சியாய் நிற்கும். வாய் கல்லிற் செவ்வையாகப் படிந்து செல்லுமாயின், நீர் அதன்முன் ஒரே சீராகத் திரண்டு ஏறும். எவ்விடத்து நீர் வாயின் அடியில் நழுவுகின்றதோ, அவ்விடம் இன்னும் கல்லைத் தொடவில்லை என்று உணர்ந்துகொள்ளலாம்.

கல்லில் முடிந்தபின் தோல்வார் வரும். வாரிலே வாய் பின்னும் முதுகு முன்னுமாக இழுத்தல்வேண்டும். இன்றேல் கத்தி தோலை அறுத்துவிடும். கல் எஃகினைத் தேய்ப்பது. வாரோ தேய்ந்த விளிம்பினை நேர்ப்படுத்தி மெருகேற்றுவது. நம் நாட்டு முதியோர் தம் உள்ளங்கையையே வாராகக் கொண்டு தீட்டுதலும் உண்டு. தலைமயிர் ஒன்றினைத் தொங்கவிட்டு அதன்மேல் கத்தியை வைத்த அளவில் ஓசையின்றி அறுமாயின், தீட்டு முடிந்தது என்பர்.

இக்கலை இன்று அருகிவருகின்றது. 1904இல் அமெரிக்கராகிய ஜில்லெட் என்பார், தேய்ந்தால் எறிந்துவிடத்தக்க பிளேடு பொருந்திய சவரக்கருவிக்கு உரிமை பெற்றார். அதன்பின் வீடுகளில் சாணைக்கல்லுக்கு வேலை குறைந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் முதன்முதற் கண்டறியப்பட்டது. அந்நோய் குருதிவழிப் பரவுமென்று மக்கள் அறிந்தபின், கடைகளிலும் ஒருவர்க்கு ஒரு பிளேடு என்னும் வழக்கம் வேரூன்றிற்று. இவ்வழக்கம் நன்றே. ஒருவர் குருதி பட்ட கத்தி மற்றொருவர் கன்னத்திற் படலாகாது. பழமையின்மேற் கொண்ட பற்றினால் இதனை மறுப்பது அறிவுடைமையாகாது.

ஆயினும், கத்தி போயிற்று என்பதனால் கத்தி தீட்டிய அறிவும் எழுதப்படாமற் போகவேண்டுமோ? தமிழ்நாட்டில் முடிதிருத்தும் குலத்தார் மருத்துவர் எனவும், அவர்தம் மகளிர் மருத்துவச்சியர் எனவும் வழங்கப்பெற்றனர். கட்டி கீறவும், பிள்ளைப்பேறு பார்க்கவும் ஊர் அவர்களையே நாடிற்று. நாடிய ஊரே அவர்களைத் தாழ்வாகவும் நடத்திற்று. புலவன் யாப்புப் பயில்வதற்கு வேண்டும் பொறுமையும் கூர்த்த உணர்வும், இவர்கள் கல்லில் கத்தி தீட்டப் பயில்வதற்கும் வேண்டியிருந்தன. புலவனது கல்வி ஏட்டில் ஏறிற்று. இவர்களது கல்வி கையோடு வந்து கையோடு செல்கின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கல்வியின் தரமன்று. எழுதுகோல் எவர் கையில் இருந்தது என்பதே.

இப்பொழுது எழுதுகோல் நம் கையில் இருக்கின்றது. கோடை விடுமுறைக்குத் தத்தம் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், ஆங்காங்குள்ள முதிய தொழிலாளரை அணுகி, கல்லின் பெயர் யாது, அஃது எவ்விடத்தினின்று வந்தது, தீட்டும் நிலைகளுக்கு அவர் வழங்கும் சொற்கள் யாவை என்று பணிவுடன் வினவிக் குறித்து வருவாராக. தமிழ் பயில்வார்க்கு இதனினும் சிறந்த களஆராய்ச்சி வேண்டுவதில்லை. அவர் அடைப்பத்தைத் திறந்து காட்டும்பொழுது, அதனுள் ஒரு நூலகம் இருப்பதனை நாம் காண்போம்.