எந்த காந்தி நகர்? அல்லாடும் தீயணைப்பு வண்டி... வழிகாட்டும் செல்போன்

அடையாறு: "காந்தி நகர்ல தீப்பிடிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு போனை வைத்தால் என்ன ஆகும்? சென்னையில் காந்தி நகர் ஒன்றா, இரண்டா? அடையாறை மட்டும் எடுத்துக்கொண்டாலும் காந்தி நகர், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர் என்று நகர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மெயின் ரோடு, குறுக்குத் தெரு எல்லாம் நம்பரில் ஓடுகிறது. போதாக்குறைக்கு பல வீட்டுக் கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு நம்பர். தபால்காரரே தடுமாறும் இடத்தில், நள்ளிரவில் சைரன் அடித்துக்கொண்டு வரும் தீயணைப்பு வண்டி டிரைவர் பாவம் என்ன செய்வார்?

ஊரூர் குப்பம் போல வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தில் நாலு நிமிஷம் தாமதமானால் ஒரு வீட்டுத் தீ பக்கத்து வீடுகளுக்கும் தாவிவிடும். அந்த நாலு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஜி.பி.எஸ்., கம்ப்யூட்டர் எல்லாம் தீயணைப்பு வேலைக்குள் வந்திருக்கிறது.

நம்பர் தெரியும், வீடு தெரியாது

செல்போனில் பேசினால் நாம் இருக்கும் இடம் கண்ட்ரோல் ரூமுக்கு தானாகவே தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாதாரண அழைப்பில் நம் நம்பர் தெரியும். எந்த டவரில் இருந்து பேசுகிறோம் என்பதை செல்போன் கம்பெனி மூலம் எடுக்கலாம். ஆனால் டவர் கணக்கு சில நூறு மீட்டர் தள்ளிப்போகும், சில நேரம் அதற்கு மேலும் தள்ளும். அடையாறில் அந்த தூரத்துக்குள் எத்தனை தெரு அடங்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜி.பி.எஸ். அப்படியல்ல. வெட்டவெளியில் சில மீட்டர் வித்தியாசத்தில் இடத்தை காட்டிவிடும். அதனால்தான் செயலிகள் வந்தன. தமிழ்நாடு தீயணைப்பு மீட்புப் பணிகள் துறைக்கு 'தீ' என்ற பெயரிலேயே ஒரு செயலி உண்டு. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான 112 என்ற எண் தமிழகத்துக்கு 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. அதற்கும் செயலி இருக்கிறது. இவற்றில் பட்டனை அமுக்கினால் இடமும் சேர்ந்து போகும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவங்களுக்கும் வழி உண்டு. 2017 ஜனவரி முதல் விற்கும் எல்லா போனிலும் அவசர பட்டன் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசு உத்தரவு. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று தடவை வேகமாக அமுக்க வேண்டும். (சும்மா அமுக்கிப் பார்க்காதீங்க, அழைப்பு நிஜமாகவே போய்விடும்.)

எந்த வண்டி பக்கம்?

முன்பெல்லாம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அந்த வண்டிதான் கிளம்பும். வண்டிகளில் ஜி.பி.எஸ். கருவி இருந்தால் கதையே வேறு. திருவான்மியூர் வண்டி ஏற்கனவே வேறு இடத்தில் இருக்கிறதா, மயிலாப்பூர் வண்டி வரலாமா, கிண்டி வண்டி சீக்கிரம் வருமா என்பதை கம்ப்யூட்டர் திரையில் பார்த்தே முடிவு செய்யலாம். தண்ணீர் கணக்கும் இதில் அடக்கம். ஒரு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் இருக்கும். இரண்டு குழாய் முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிஷத்தில் காலி. அடுத்த வண்டி எங்கே வருகிறது என்பது களத்தில் நிற்கும் அதிகாரிக்கு தெரிந்தே ஆகவேண்டும்.

ஆனால் மெட்ரோ பணிக்காக எல்.பி. ரோட்டில் இன்று காலை வைத்த தடுப்பு மேப்பில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. சந்துக்குள் வண்டி நுழையுமா, குறுக்கே யாராவது காரை நிறுத்தியிருக்கிறார்களா என்பதும் சாட்டிலைட்டுக்கு தெரியாது.

சிலிண்டர் இருக்கா?

மேப்பில் வீடு தெரியும், எந்த மாடி என்று தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது சுத்தமாக தெரியாது. 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரியில் பிடித்த தீயை அணைக்கப் போனபோது சிலிண்டர் வெடித்து தீயணைப்பு வீரர் ஒருவர் பலியானார். வேடிக்கை பார்க்க நின்ற பொதுமக்களும் ஏராளமானோர் காயம் அடைந்தனர். அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, மே 31 அன்று, தி.நகர் உஸ்மான் ரோட்டில் சென்னை சில்க்ஸ் கட்டிடம் எரிந்தது. அடைத்த கட்டிடத்தில் புகை வெளியேற வழி இல்லாமல் வீரர்கள் உள்ளே போக முடியவில்லை. ஒரு நாளைத் தாண்டியும் தீ அடங்கவில்லை, கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்தே விழுந்தது. இப்படிப்பட்ட கட்டிடங்களின் வரைபடம், படிக்கட்டு எங்கே, தண்ணீர் தொட்டி எங்கே என்ற விவரம் வண்டியிலேயே ஒரு சின்ன திரையில் வந்துவிட்டால் வாசலில் நின்று வாட்ச்மேனை தேட வேண்டியதில்லை. கலெக்டர் ஆபீஸ், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று கூட்டம் கூடும் இடங்களுக்காவது இது முதலில் வரவேண்டும்.

வெளிநாட்டிலும் நிலைமை ரொம்ப ஒசத்தி என்று நினைக்க வேண்டாம். லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடி குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தனர். உள்ளே சிக்கியவர்கள் போனில் சொன்ன வீட்டு எண், மாடி விவரங்கள் வீரர்களுக்கு துண்டுச்சீட்டில் எழுதி ஆள் மூலம் போனது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. அதன் பிறகுதான் அங்கே போன் செய்பவரின் கேமரா வழியாக கண்ட்ரோல் ரூமே தீயை நேரில் பார்க்கும் வசதி வந்தது.

டவரே போயிட்டா?

இது அடையாறுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு ஆறு கரை புரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை பக்கம் கரண்டும் இல்லை, போனும் இல்லை. நெட் கிடைத்த இளைஞர்கள் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் தண்ணீர் நிற்கும் தெருக்களை குறித்துக்கொண்டே வந்தார்கள். எந்த வழியாகப் போகலாம் என்று அதைப் பார்த்து தெரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் மொட்டை மாடியில் செத்த போனோடு நின்றவருக்கு அந்த மேப் கையில் இல்லை. டவர் விழுந்தாலும் பேசக்கூடிய பழைய வயர்லெஸ் செட்டை வண்டியில் இருந்து கழற்ற முடியாது என்பது இதனால்தான்.

ஆக, 101 அல்லது 112-க்கு போன் செய்தால் முதலில் ஏரியா, அப்புறம் தெரு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பஸ் ஸ்டாப், எத்தனையாவது மாடி, உள்ளே ஆள் உண்டா, சிலிண்டர் உண்டா என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள். பேசிய நம்பரை அதன் பிறகு பிசியாக்க வேண்டாம். வழி கேட்டு திரும்ப அழைப்பார்கள். ஒரு ஆளை மெயின் ரோட்டு முனையில் டார்ச்சோடு நிறுத்துங்கள். இன்னொருவர் சந்தில் நிற்கும் பைக், ஆட்டோக்களை நகர்த்தட்டும்.