எல்லை அறியாத தபால் கார்டு

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி ராஜ்யங்கள் அமைந்தபொழுது, அதுவரை சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த பாலக்காடு கேரளத்தைச் சேர்ந்தது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீருமேடும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. கொழிஞ்சாம்பாறையில் மகளும் பொள்ளாச்சியில் தாயும், மூணாற்றில் தகப்பனும் திருநெல்வேலிச் சீமையில் பிள்ளைகளும் என்று வாழ்ந்த குடும்பங்களின் நடுவே ராஜ்ய எல்லை ஒன்று நின்றது. ஆயினும் அதைச் சிறிதும் பொருட்படுத்தாமல் சென்று வந்த சாதனம் தபால் கார்டு.

1879-இல் கால் அணா விலையில் புகுந்த அந்தக் கார்டுக்கு, அடுத்த தெருவுக்குப் போவதற்கும் காஷ்மீரத்துக்குப் போவதற்கும் ஒரே கிரயம். இன்றும் 50 காசுதான். ஆள் சேர்க்கும் கங்காணிமாரை நம்பி மலையேறித் தேயிலைத் தோட்டத்து லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்த எழுத்தறியாத ஜனங்கள், படித்த ஒருவரைக் கொண்டு க்ஷேம சமாசாரத்தை எழுதுவித்து ஊருக்கு அனுப்பினார்கள். மணியார்டர் படிவத்தின் அடியிலிருந்த கூப்பன் இன்னும் அனுகூலமானது: பணத்துக்குரிய கமிஷனைக் கட்டிவிட்டால், இரண்டு வரிச் செய்தியும் தனிச் செலவின்றி உடன் சென்றது; பெற்றுக்கொண்டவருடைய கையெழுத்தோ கைநாட்டோ ஒப்புகைச் சீட்டில் ஏறி, அனுப்பியவர் கைக்குத் திரும்பி வந்தது. 1972 ஆகஸ்டு 15-இல் பின்கோடு வந்தபொழுதும், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முதல் இலக்கம் 6 என்று பொதுவாகவே அமைந்தது.

கைப்பேசியின் நியாயமோ வேறாக இருந்தது. இரு மாநிலங்களும் தொலைத்தொடர்புக்கு இரு வேறு வட்டங்களாதலால், போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள், எல்லையிலுள்ள மலை மெட்டைத் தாண்டியதும் ரோமிங்கில் அகப்பட்டார்கள். அழைத்தாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. நாட்கூலியில் ஜீவிப்பவர்களிடம், காய்ச்சலாய்க் கிடக்கும் குழந்தையைப் பற்றி விசாரிப்பதற்குக்கூட இவ்வாறு வசூலித்தது அநீதி என்றே சொல்வேன். எடுக்கப்படாத அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதைக் கண்டுகொண்ட சாமானிய ஜனங்கள், ஒரு தரம் மணி அடித்து நின்றால் வந்து சேர்ந்தாயிற்று என்றும், இரு தரம் அடித்தால் நீயே கூப்பிடு என்றும் வீட்டாரோடு முன்னதாகப் பேசி வைத்துக்கொண்டு, மிஸ்டு காலையே ஒரு பாஷையாக்கிக்கொண்டார்கள். 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. மற்றக் கம்பெனிகளும் பின்னர் அவ்வழிக்கு வந்தன.

கணினியோ விலையுயர்ந்த போனோ இன்றி இப்பிரதேசத்தில் பிரயாணம் செய்வோருக்கு ஒரு பட்டன் போனும் நாலைந்து கார்டுகளும் போதும். உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் செல்லும் சின்னாற்றுக் காட்டுப் பாதையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காதாகையால், வனத்துறைச் சாவடியை நெருங்குமுன்பே வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்; முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவும் வேண்டும். தங்கப்போகும் ஊர் தெரிந்து, தங்கப்போகும் வீடு தெரியாதிருந்தால், வீட்டார் உங்கள் பெயருக்குக் கீழே ‘போஸ்ட் ரெஸ்டாண்ட், மூணாறு 685612’ என்று எழுதிக் கடிதம் போடலாம். நீங்கள் சென்று அடையாளச் சான்றைக் காட்டிப் பெற்றுக்கொள்ளும்படி, அது சில நாட்கள் அந்தத் தபால் ஆபீஸிலேயே வைக்கப்பட்டிருக்கும்.