கால்நடை மருத்துவத் துறையில் சேர விரும்பும் பிள்ளைகளுக்கு...

ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று அருமையாக வளர்த்த ஆடு, திடீரென்று இரை எடுக்க மறுத்து, மூக்கில் சளி ஒழுகப் படுத்துவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. மீன்சுருட்டி போன்ற ஊர்களில் இது புதிய காட்சியன்று. அந்த ஆட்டின் அருகிலேயே அமர்ந்திருந்த மகள், பிளஸ் டூ முடித்ததும், "அத்தா, நான் கால்நடை வைத்தியம் படிக்கட்டுமா?" என்று கேட்டால் பெற்றோர் என்ன விடை கூறுவது?

ஆசை நல்லதே. ஆயினும், கட்டணம் செலுத்துமுன் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: "இந்தச் சான்றிதழைக் கொண்டு சட்டப்படி என்ன பணி செய்யலாம்?" படிப்பின் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருப்பினும், இதற்குத் தெளிவான விடை இல்லையேல் பணமும் காலமும் வீணாகும்.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரே கால்நடை மருத்துவராகத் தொழில் புரியலாம். அரசுத் துறையோ கால்நடை மருத்துவக் கல்வி நிலையமோ வழங்கிய டிப்ளமா அல்லது சான்றிதழ் உடையோர், மாநில அரசு அனுமதிக்கும் சிறு சிகிச்சைப் பணிகளை, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யலாம். அமெரிக்காவில் 'வெட்டரினரி டெக்னீஷியன்' ஆவதற்குப் பொதுவாக ஈராண்டுக் கல்லூரிப் படிப்பு உண்டு. அங்கும் நோயைக் கணித்தல், மருந்து எழுதுதல், அறுவைச் சிகிச்சை ஆகிய மூன்றும் மருத்துவருக்கே உரியவை.

நம் பிள்ளைகளுக்கு உள்ள வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, பி.வி.எஸ்ஸி. பட்டம். பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகள். 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு முதலிய இடங்களில் கல்லூரிகள் உள்ளன. மீன்சுருட்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக ஒரத்தநாடு செல்லலாம். அக்கல்லூரி 2012இல் தொடங்கப்பட்டது. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடங்களும், அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 7.5 சதவீத இடங்களும் உண்டு. உரிய சாதிச் சான்றிதழை முன்கூட்டியே பெற்று வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, கால்நடை ஆய்வாளர் பணி. இதற்குரியோரைக் கால்நடை பராமரிப்புத் துறையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கிறது. தடுப்பூசி போடுதல், முதலுதவி, சினை ஊசி போடுதல் ஆகியன இவர்களது பணிகள். துறை அறிவிப்பு வெளியிடும் காலத்தில்தான் விண்ணப்பிக்க இயலும். ஆகவே, "பணம் கட்டினால் ஆய்வாளர் வேலை நிச்சயம்" என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, அதே பல்கலைக்கழகம் நடத்தும் பால்வளத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம் போன்ற நான்காண்டு பி.டெக். படிப்புகள். சிகிச்சையில் அன்றி உற்பத்தித் தொழிலில் நாட்டமுள்ளோர்க்கு இவை ஏற்றவை.

அண்டை மாநிலமான ஆந்திராவில் ஈராண்டுக் கால்நடை பராமரிப்பு டிப்ளமா உள்ளது. ஆயினும், பிற மாநிலச் சான்றிதழ் எதுவாயினும் தமிழ்நாட்டில் அது ஏற்கப்படுமா என்பதைத் துறை அலுவலகத்தில் விசாரித்த பின்னரே சேர வேண்டும்.

தனியார் பயிற்சி நிலையம் எனில் மேலும் சிலவற்றைக் கேளுங்கள். சான்றிதழ் வழங்குவது யார்? பயிற்சிக்குச் சொந்தப் பண்ணையும் மருத்துவமனையும் உள்ளனவா? பிராணியைத் தொட்டுப் பழகும் நேரம் எவ்வளவு? வகுப்பறையில் மட்டும் அமர்ந்து இத்தொழிலைக் கற்றுவிட முடியாது.

பணியின் கடினத்தையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும். நள்ளிரவில் கன்று ஈனும் பசுவிடம் செல்ல நேரலாம், மாடு உதைக்கலாம். வெறிநோய், அடைப்பான் போன்றவை மனிதருக்கும் தொற்றக் கூடியவை. எனவே, விண்ணப்பிக்குமுன், ஊர்க் கால்நடை மருந்தக மருத்துவரின் அனுமதி பெற்று, சில நாட்கள் காலை வேளையில் மகனையோ மகளையோ அங்கு அழைத்துச் சென்று பார்க்கச் செய்யுங்கள். சாணமும் இரத்தமும் கண்ட பின்னரும் அந்த ஆசை நிலைத்திருந்தால், பெற்றோரே, தடை சொல்லாதீர்கள். "பெண் பிள்ளைக்கு எதற்கு மாட்டு வைத்தியம்?" என்று கேட்போருக்காக அவளது ஆசையை அடக்கிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு நம் வீட்டு ஆடு நோயுற்றால், நாம் தேடி ஓடுவதும் அத்தகைய ஒருவரைத்தான்!