மெத்தையும் ரஜாயும் ஒன்று! வேனில் தூங்க வீட்டிலேயே தைக்கும் சுருட்டுப் படுக்கை

பகலில் அது மோட்டார் வண்டி. இரவில் அதுவே வீடு!

ஓட்டுபவர் இடத்துக்குப் பின்னால் இரண்டு பெஞ்சுகள். நடுவில் சின்ன மேஜை. ஓரத்தில் ஒரு காஸ் அடுப்பு. இருட்டியதும் மேஜையை இறக்கி, பெஞ்சுகளுக்கு நடுவே பலகையாகப் போட்டால் கட்டில் தயார்! கணவன், மனைவி, குழந்தைகள் எல்லோரும் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். காலையில் எழுந்து, தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, அடுத்த ஊருக்குப் புறப்பட்டு விடலாம்.

இந்த வண்டிக்கு "கேம்பர் வேன்" என்று பெயர். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் விடுமுறை வந்தால் போதும். கடற்கரை, மலையடிவாரம், ஏரிக்கரை எங்கே பார்த்தாலும் இந்த வேன்கள் நிற்கும். ஓட்டல் அறைக்குப் பணம் கட்ட வேண்டாம். அதனால் நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால், ஒரு தொல்லை உண்டு. அதுதான் குளிர்!

நள்ளிரவில் நடுக்கம்

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

வேல்ஸ் நாட்டு மலையடிவாரம். வசந்த காலம்தான். ஆனாலும் இரவு 2 மணிக்கு வெளியே புல்லெல்லாம் பனி உறைந்து கிடக்கிறது. வேனுக்குள் படுத்திருக்கும் தாய்க்கு விழிப்பு வருகிறது. பக்கத்தில் குழந்தை முடங்கிக் கிடக்கிறது. தன் மேல் கிடந்த ரஜாயை எடுத்துக் குழந்தைக்குப் போர்த்துகிறாள். அதற்கு மேல் ஒரு கம்பளியும் போடுகிறாள். அப்படியும் குழந்தையின் நடுக்கம் நிற்கவில்லை.

மூன்று போர்வை போர்த்தியும் ஏன் குளிர்கிறது?

குளிர் மேலே இருந்து மட்டும் வரவில்லை. கீழே இருந்தும் வருகிறது!

குருவி சொல்லும் பாடம்

பனிக்காலத்தில் விடியற்காலை மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் குருவியைப் பாருங்கள். சிறகுகளை உப்பிக்கொண்டு பந்து போல இருக்கும். இறகுகளுக்கு நடுவே காற்றை அடைத்து வைத்துக்கொள்கிறது. அசையாமல் நிற்கும் அந்தக் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது.

ரஜாயும் அப்படித்தான். நமக்குச் சூடு தருவது வெறும் பஞ்சு அல்ல. பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் காற்று!

இப்போது அதே ரஜாயைக் கீழே போட்டு, அதன் மேல் படுத்தால் என்ன ஆகும்? உடம்பின் பாரத்தில் பஞ்சு நசுங்கிவிடும். உள்ளே இருந்த காற்று போய்விடும். காற்று போனால் சூடும் போயிற்று!

நம் ஊரில் கோடைக் காலத்தில் கயிற்றுக் கட்டிலில் படுக்கிறோம். கீழே காற்று ஓடும், முதுகு குளிரும். நமக்கு அது சுகம். குளிர் நாட்டில் அதுவே பகை. வேனின் தரையோ இரும்புத் தகடு. பனியில் அது சில்லிட்டுக் கிடக்கும்.

எனவே வேனில் தூங்குகிறவர்களுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். கீழே, எளிதில் நசுங்காத மெத்தை. மேலே, நன்றாக உப்பி நிற்கும் ரஜாய்.

இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேனில் இடம் குறைவு. குறுகிய கட்டிலில் புரண்டு படுத்தால் ரஜாய் சரிந்துவிடும். தூக்கத்தில் குழந்தை அதை உதைத்துத் தள்ளிவிடும். எனவே மெத்தையோடு ரஜாயைச் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். காலையில் அப்படியே சுருட்டிக் கட்டி மூலையில் வைத்துவிடலாம். இரவில் முடிச்சை அவிழ்த்து உருட்டிவிட்டால் படுக்கை ரெடி!

ராணுவத்துக்குப் போன கம்பளி

படுக்கை முழுவதையும் ஒரே சுருளாகக் கட்டும் யோசனை புதியது அல்ல.

வேல்ஸ் நாட்டில் நியூடவுன் என்ற சிற்றூரில் பிரைஸ் ஜோன்ஸ் என்ற துணி வியாபாரி இருந்தார். தபால் மூலம் ஆர்டர் வாங்கித் துணி அனுப்பும் வியாபாரத்தில் முன்னோடி அவர். விக்டோரியா மகாராணியும் அவரது வாடிக்கையாளர்!

1876-ம் ஆண்டில் அவர் ஒரு புதுமாதிரிக் கம்பளிக்குக் காப்புரிமை பெற்றார். "யூக்லிசியா" என்று அதற்குப் பெயர். அந்தக் கம்பளியிலேயே ஒரு பை. அதற்குள் காற்று ஊதும் ரப்பர் தலையணை. கம்பளியை மடித்து மூடிக்கொண்டால் மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் ஒன்றுதான்!

மறு ஆண்டு ரஷியாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. ரஷிய ராணுவம் 60 ஆயிரம் கம்பளிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1877 டிசம்பரில் பிளெவ்னா என்ற நகரம் ரஷியர் கையில் விழுந்ததும், மீதி ஆர்டரை ரத்து செய்துவிட்டது. 17 ஆயிரம் கம்பளிகள் தேங்கிப்போயின!

வியாபாரி மனம் தளரவில்லை. அவற்றைத் தன் விலைப் பட்டியலில் சேர்த்து விற்றார். ஏழைகளுக்கு உதவும் தர்ம சங்கங்களும் வாங்கின.

வேன் வந்த கதை

1950-ம் ஆண்டு மார்ச் மாதம் ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் கம்பெனி ஒரு வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் நீளம் சுமார் 14 அடி. அகலம் ஆறு அடிக்கும் குறைவு. சரக்கு ஏற்றவும் ஆள் ஏற்றவும் செய்யப்பட்ட வண்டி அது. மறு ஆண்டிலேயே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்திக் கொடுத்தது. வண்டி வீடாயிற்று!

வீடு வந்தால் மெத்தை வேண்டாமா? கடையில் தயாராக விற்கிறார்கள். ஆனால் விலை அதிகம். வேனின் அளவோ வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே, தையல் எந்திரம் உள்ள வீட்டுக்காரர்கள் தாங்களே தைத்துவிடுகிறார்கள்.

தைப்பது எப்படி?

ஒரே உறை, அதற்கு இரண்டு வயிறு. அவ்வளவுதான் ரகசியம்! ஒரு வயிற்றுக்குள் மெத்தை, இன்னொன்றுக்குள் ரஜாய். உறையைக் கழற்றித் துவைக்கலாம். மெத்தையும் ரஜாயும் நனையாது.

முதலில் மெத்தை. ஒருவருக்கு 27 அங்குல அகலமும் 75 அங்குல நீளமும் உள்ள நுரை மெத்தை போதும். கனம் 1½ அங்குலம் இருக்கட்டும். அதைவிட மெல்லியதானால் இடுப்பு தரையில் முட்டும். மிகவும் தடித்தால் சுருட்ட முடியாது.

அடுத்தது துணி. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காய வையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, மெத்தைக்குப் பற்றாமல் போய்விடும். மெத்தையின் மேல்பக்கத்துக்கு மெல்லிய துணி. அடிப்பக்கத்துக்கு டிரில் போன்ற கெட்டித் துணி. இரண்டையும் 29½ அங்குல அகலம், 77½ அங்குல நீளம் வெட்ட வேண்டும். மெத்தையின் கனமும், தையலுக்கு விடும் அரை அங்குலமும் அதில் அடக்கம்.

பிறகு ரஜாய்க்கான பை. இங்கிலாந்தில் ஒருவர் போர்த்தும் ரஜாய் 53 அங்குல அகலமும் 79 அங்குல நீளமும் இருக்கும். அதற்கு 55 அங்குல அகலம், 81 அங்குல நீளத்தில் இரண்டு துணிகள் வேண்டும். பழைய படுக்கை விரிப்புகளே போதும். இரண்டு பக்கமும் கால்மாட்டிலும் தைத்து, தலைமாட்டைத் திறந்து விடுங்கள்.

பையின் கால்மாட்டு ஓரம் 54 அங்குலம் இருக்கும். மெத்தை உறையோ அதில் பாதிதான். என்ன செய்வது? சேலைக்குக் கொசுவம் வைப்பது போல மடிப்பு மடிப்பாகப் பிடித்து, 28½ அங்குலத்துக்குக் கொண்டு வாருங்கள். இந்தக் கொசுவம்தான் கால் விரல்கள் நிமிர்ந்து நிற்க இடம் கொடுக்கும்.

இப்போது எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். மெத்தையின் மேல்துணியைத் தரையில் விரியுங்கள். அதன் மேல் ரஜாய்ப் பையை வைத்து, ஒரு பக்கத்தையும் கால்மாட்டையும் ஓரத்தோடு ஓரம் பொருத்துங்கள். பையின் மறுபக்கத்தை உள்ளே மடித்துவிடுங்கள். அது தையலில் சிக்கக் கூடாது. மேலே அடித்துணியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பக்கமும் கால்மாட்டிலும் தையுங்கள். தலைமாட்டு வழியாகப் புரட்டி எடுத்தால் உறை முடிந்தது!

ரஜாய் இப்போது ஒரு பக்கமும் கால்மாட்டிலும் மெத்தையோடு சேர்ந்திருக்கும். மறுபக்கம் திறந்திருக்கும். அதுதான் ஏறி இறங்கும் வழி. இரண்டு வயிற்றுக்கும் வாய் தலைமாட்டில். அங்கே ஜிப் அல்லது நாடா வைத்துவிடுங்கள்.

பல மடிப்பு சேரும் இடத்தில் மெல்லிய ஊசி ஒடிந்துபோகும். 16-ம் நம்பர் ஊசி போட்டு, தையலை நீளமாக விட்டு, மெதுவாக ஓட்ட வேண்டும்.

நுரை மெத்தையைத் துணிக்குள் நுழைப்பது பெரும் பாடு. அது துணியைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் வழி உண்டு. மெத்தையை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போய்விடும். பிறகு தாளை மட்டும் உருவி எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, 2 கஜ நீளமுள்ள பட்டை நாடாக்கள் இரண்டு வேண்டும். அவற்றை நடுவில் மடித்து, அடித்துணியின் தலைமாட்டில் தையுங்கள். சுருட்டும்போது கால்மாட்டில் ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் காற்று தலைமாட்டு வழியாக வெளியேறிவிடும். சுருள் சிறியதாகும்.

மறைந்திருக்கும் எதிரிகள்

இரவு முழுதும் நாம் விடும் மூச்சிலும் வியர்வையிலும் ஈரம் உண்டு. மூடிய வேனில் அது எங்கே போகும்? குளிர்ந்த தகட்டில் பட்டு நீராக வடியும். மெத்தைக்கு அடியிலும் சேரும். சில நாளில் பூசணம் பிடித்துவிடும்.

ஆகவே அடித்துணியாகப் பிளாஸ்டிக்கோ ரெக்சினோ போடவே கூடாது. கட்டில் பலகையில் இடைவெளி விட வேண்டும். கீழே காற்று ஓடினாலும், நடுவில் நுரை மெத்தை இருப்பதால் முதுகு குளிராது. இரவில் ஜன்னலைச் சிறிதளவாவது திறந்து வைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் சுருட்டிவிடாமல், சற்று நேரம் விரித்து ஆற விட வேண்டும்.

நுரை வாங்கும்போதும் கவனம் தேவை. 1979-ம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஒரு பெரிய கடையில் நுரை வைத்த நாற்காலி, சோபாக்கள் பற்றி எரிந்தன. விஷப் புகை சூழ்ந்தது. 10 பேர் இறந்தார்கள். 1988-ல் இங்கிலாந்தில் இதற்குக் கடுமையான சட்டம் வந்தது. எளிதில் தீப்பற்றாத நுரையைக் கேட்டு வாங்குவதே நல்லது.

எல்லாவற்றையும்விடக் கொடிய எதிரி ஒன்று உண்டு. குளிர் தாங்காமல் சிலர் காஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்குகிறார்கள். கரி அடுப்பின் தணலை உள்ளே கொண்டுவந்து வைப்பவர்களும் உண்டு. அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் விழிக்காமலே போய்விடுவார்கள். குடும்பம் குடும்பமாக இறந்ததுண்டு.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற நம் ஊர்க்காரர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மூடிய அறையிலும் வேனிலும் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்!

அம்மா தைத்த சூடு

நல்ல படுக்கைக்கு நெருப்பு வேண்டியதில்லை. நம் உடம்பே ஓர் அடுப்பு. அதன் சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த வேலையைத்தான் இந்தச் சுருட்டுப் படுக்கை செய்கிறது.

வேல்ஸ் மலையடிவாரத்தில் அடுத்த முறை அந்த வேன் நிற்கும்போது, வெளியே அதே பனி விழும். தரைத் தகடும் அப்படியே சில்லிட்டுக் கிடக்கும். ஆனால் தாய் தைத்த மெத்தை கீழே இருக்கும். அதோடு ஒட்டிய ரஜாய் மேலே இருக்கும். குழந்தை உதைத்தாலும் அது விலகாது.

மேலே எத்தனை போர்த்தினோம் என்பது முக்கியம் அல்ல. கீழே என்ன விரித்தோம் என்பதுதான் முக்கியம்!